வீட்டுக்கு வந்த பார்

"இந்த ஃப்ரீசரைக் குழாய் வச்ச பீர்ப்பெட்டியா மாத்திக்கிறேன் டார்லா. அப்புறம் முக்குல இருக்கிற பார் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று மனைவியிடம் குழைந்தான் மெர்ல்.

"இதுல இருக்கிற மான்கறி?"

"உன் தங்கச்சி வீட்டுல வச்சுக்கலாம்."

"பாருக்குப் போகவே மாட்டியே?"

"நம்ம பேக்கர்ஸ் ஃபுட்பால் டீம் மேல சத்தியம்!"

விஸ்கான்சினில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. டார்லா தலையாட்டினாள். மெர்ல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பாரில் கூடும் சீட்டாட்டக் கூட்டாளிகள் நாலு பேரையும் இனி ஃப்ரீசர் இருக்கும் கராஜுக்கே இழுத்துவிடலாம்.

ஃப்ரீசர் மூடிக்கு அடியில் மரச்சட்டம் பொருத்தி, அதில் துளை போட்டு, உள்ளே வைத்த பீர் பீப்பாய்களுக்குக் குழாய்களை மாட்டினான். பீர் உறையாமலிருக்கக் குளிரையும் குறைத்து வைத்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, டார்லா மான்கறியோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். முதல் கோப்பை நுரை பொங்கியது. ஆனால் கூப்பிட்டிருந்த கூட்டாளிகளில் ஒருத்தனும் வரவில்லை. அவர்களில் ஒருவனான ஆர்விடுக்குப் போன் போட்டான்.

"எங்கடா இருக்கீங்க?"

"பார்லதான். ஆட்டம் சூடு பிடிச்சிருச்சு."

"அஞ்சாவது கை இல்லாம என்னடா ஆட்டம்?"

"உன் இடம் எப்ப காலியாகும்னு ரெண்டு வருஷமா ஒருத்தங்க காத்திருந்தாங்களாம். எங்களைத் துடைச்சு எடுக்கிறாங்கப்பா! இரு, அவங்ககிட்டயே தரேன்."

"மெர்ல்," என்றது டார்லாவின் குரல். "கறியை இறக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன். நீ இந்தப் பக்கம் வந்துடாத. பேக்கர்ஸ் மேல சத்தியம் பண்ணியிருக்க!"