சத்தமாக வைத்த ரேடியோ

மலேசியாவின் மேரு நகரில், எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் சன்னல் கம்பிகளின் வழியே நுழைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளின் மேல் கோடு கோடாக விழுகிறது. குடும்ப வன்முறையைப் பற்றிப் பேச வந்திருக்கும் ரமணி டீச்சர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்ல அடிக்கிற சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறார். எல்லாரும் தரையைப் பார்க்க, மடியில் கறிபாப் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நான் கையைத் தூக்குகிறேன். "ரேடியோவ சத்தமா வச்சிடுவேன், டீச்சர். மத்த வீட்டுக்குக் கேக்கக் கூடாதுல்ல? அந்தப் பொண்ணு மானம் என்ன ஆவுறது?" முன்வரிசையில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடுகின்றன. டீச்சரின் தலை ஆடவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் சுகந்தி. என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் தேநீர்க் கோப்பையை இடக்கையில் பிடித்திருக்கிறாள். அவள் பெயரைச் சொல்லாமல் காப்பாற்றிவிட்ட நிம்மதியில், அவள் பக்கம் தட்டை நீட்டுகிறேன். "எடுத்துக்கம்மா, சூடா இருக்கு." அவள் எடுக்கவில்லை. கோப்பையில் படியும் பாலாடையைப் பார்த்தபடி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாள்.

"அக்கா, நீங்க ரேடியோ போடுற வரைக்கும் அவரு வெளிய கேட்டுடுமோன்னு பயந்து பயந்துதான் அடிப்பாரு."

கோபமே இல்லாத குரல். நீட்டிய தட்டை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.