இடக்கைக்காரி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், சூடு ஆறாத படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். சன்னல் வெயில் துணி முழுக்கப் பரவியிருக்கிறது. மடிக்கும்போது இருவருமே வலக்கையைக் கொண்டுவருகிறார்கள். பாழாய்ப்போன விரிப்பு நடுவில் முறுக்கிக்கொள்கிறது. மூன்றாம் தடவையும் அதே கதைதான். "நான்தான் தப்பா மடிக்கிறேனாக்கா?" என்கிறாள் இன்று வேலைக்குச் சேர்ந்தவள். "இல்லம்மா," என்கிறாள் மூத்தவள். "உன் இடத்துல நின்னவ இடக்கைக்காரி. பதினாறு வருஷத்துல ஒரு தடவைகூட முறுக்கிக்கிட்டதில்ல. போன வாரம் அவளை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தப்புறம்தான் அது ஏன்னே புரியுது." புதியவள் இடக்கையை உயர்த்துகிறாள். விரிப்பு சுருக்கமில்லாமல் நேராக மடிகிறது. இருவரும் நடந்து நெருங்க, முனைகள் சேர்கின்றன, விரல்கள் தொட்டுக்கொள்கின்றன. மூத்தவளின் கை அந்த விரல்களை விடமாட்டேன் என்கிறது.