அறுபத்தாறாவது மணி

நான்கு வருடமாகத் தகவல் இல்லாத மஸாஹிரை இன்றும் காணாவிட்டால், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் அவருடைய கோப்பை மூடிவிடுவார்கள். அதனால்தான் பதிவேட்டு ஊழியர் வதனா கற்பிட்டிக் களப்புக்குள் படகில் வந்தாள்.

“அதுதான் மஸாஹிர்ட தோணி” என்று படகுக்காரர் காட்டிய தோணியில் ஒரே ஒருவர் இருந்தார். இருமியபடி, ஓதி எண்ணும் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். வதனா அதில் ஏறிப் படிவத்தைப் பிரித்தாள்.

“நானா, பீடி குடிப்பீங்களா?”

“ஓம் மிஸ். நாளைக்கு ஒரு கட்டு.” அவர் தண்ணீரையே பார்த்தார்.

“எத்தனை வருசமா?”

“முப்பது வரும். வீட்டுல ஏச்சுக்கும் குறைவில்ல.”

சாவை நினைத்து ஓதுகிறார் போலும் என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “நுரையீரல் ஒப்பரேசன் எந்தப் பக்கம்?”

“எனக்கா? என்னய வெட்ட என்னத்துக்கு மிஸ்? வலப்பக்கம் பாதிய எடுத்தது தம்பிக்கு. அவன் பீடிய மோந்தும் பாத்ததில்ல.”

“மஸாஹிர் எங்க?”

“கீழ. சங்கு எடுக்கிறான். ஒரு மணி உருட்டினா ஒரு செக்கன். அறுபது தாண்டிட்டு.”

தண்ணீர் அசையவில்லை. அறுபத்தாறாவது மணியில் ஒரு தலை எழுந்தது. விலாவில் நீளத் தழும்பு, கையில் சங்கு.

“எத்தன நானா?”

“அறுபத்தாறு.”

“பீடிக்காரன் எண்ணினா குறையத்தான் செய்யும்.”

வதனா ‘உயிருடன்’ என்ற கட்டத்தில் சரி போட்டு நிமிர்வதற்குள் மஸாஹிர் மறுபடி மூழ்கிவிட்டார். இம்முறை அவளும் எண்ணத் தொடங்கினாள்.