நாலாவது பாக்கெட்

“இதுவும் சரியில்லம்மா” என்று காலித் தட்டைத் தள்ளி வைத்தார் மாமனார்.

மருமகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். “இதுல என்ன மாமா குறை?”

“ஒரு மாதிரி தவிட்டு வாசனை.”

“முழு கோதுமைன்னா தவிடு இருக்கத்தானே செய்யும்?”

“இருக்கும். அதுக்காக இவ்வளவா?”

ஒரே மாதத்தில் இது மூன்றாவது பாக்கெட். சர்க்கரை ஏறியிருக்கிறது, மைதா பாஸ்தாவை விட்டுவிட்டு முழு கோதுமையில் செய்ததைச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளில் ஆரம்பித்த வம்பு. முதலில் திருகாணி மாதிரி ஒன்று வாங்கினாள். ‘மெல்ல முடியல’ என்றார். அடுத்தது குழாய் மாதிரி. ‘தொண்டையில நிக்குது’ என்றார். இப்போது சிப்பி வடிவம், இதற்கு வாசனை.

வேலையும் லேசில்லை. கொஞ்சம் கண் அசந்தால் பொங்கி அடுப்பை அணைக்கும். கிளறாமல் விட்டால் அடியில் ஒட்டும். செருப்புக் கடையில் விற்பனை வேலை முடித்து வருபவள், கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே அடுப்பு முன்னால் போய் நிற்பாள். அந்தச் சமையலறையில் ஒரு முக்காலி போட இடம் கிடையாது. கை நடுக்கம் வந்ததிலிருந்து மாமனாரைக் கொதிக்கிற தண்ணீர்ப் பக்கம் யாரும் விடுவதில்லை.

கணவன் வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“உங்கப்பாவுக்கு நாக்கு நாலு முழம்.”

“இன்னிக்கு என்ன?”

“வாசனையாம். முதல்ல மெல்ல முடியலைன்னார். நேத்து அவர் வேர்க்கடலை கடிச்ச கடியில எனக்கு டிவி சத்தம் கேக்கல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஆறு மாசம் உங்க அக்கா வீட்டுல இருக்கட்டுங்க. அங்க சமைக்க ஆள் இருக்கு.”

“சமைக்க ஆள் இருக்கு. பேச ஆள் இல்லையே. காலையில எல்லாரும் கிளம்பிட்டா, ராத்திரி வரைக்கும் அந்த மாடியில தனியாக் கிடப்பார். போன தடவை எப்படி இளைச்சு வந்தார், பாத்தேல்ல?”

“அப்ப நீங்க லீவு போட்டுச் சமைங்க.”

“நீயே அக்காகிட்ட பேசிடு. எனக்கு வாய் வராது” என்றான் கடைசியில்.

விடுமுறை நாளில் மாமனாரைக் கையோடு கடைக்குக் கூட்டிப்போனாள். பாஸ்தா அலமாரி முன்னால் நிறுத்தினாள்.

“நீங்களே எடுங்க மாமா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். “கண்ணாடிய மறந்துட்டேனேம்மா.”

“நல்லா மறந்தீங்க” என்று சொல்லிவிட்டு, சோப்பு வாங்கப் போய்விட்டாள்.

தூரத்திலிருந்து பார்த்தாள். சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணை மாமனார் பிடித்து வைத்திருந்தார். அந்தப் பெண் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படிக்கிறாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்கிறார். ‘நார்ச்சத்து மிக அதிகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பச்சைப் பாக்கெட்டைக்கூட ஓரமாகத் தள்ளிவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது, நூல் மாதிரி மெல்லிய பாஸ்தா பாக்கெட் ஒன்று அவர் கையில் இருந்தது.

“இதுல நார்ச்சத்து கம்மி மாமா. அந்தப் பச்சைப் பாக்கெட்தான் நல்லது.”

“எல்லாம் முழு கோதுமைதானே. இதுவே போதும்மா.”

“இது மட்டும் பிடிக்குமா?”

“பிடிச்சுடும்.”

அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. “நீங்க வரிசையில நில்லுங்க, வந்துடறேன்” என்று அவரை அனுப்பிவிட்டு, அங்கேயே ஓரமாக நின்று நாத்தனாருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை.

சரக்கு அடுக்குகிற பெண் ஒரு குடையோடு வந்தாள்.

“உங்ககூட வந்த பெரியவர் இதை வச்சுட்டுப் போயிட்டார். அப்பாவா?”

“மாமனார். உங்களையும் படுத்திட்டாரா?”

“அதெல்லாம் இல்லங்க. வர்றவங்க எல்லாரும் நார்ச்சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவுன்னு கேப்பாங்க. இவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். எத்தனை நிமிஷத்துல வேகும்? பதினாலு, பன்னிரண்டு, பதினொண்ணுன்னு படிச்சுக்கிட்டே வந்தேன். நாலு நிமிஷம்னதும்தான் முகம் தெளிஞ்சுது.”

“வந்து உக்காந்தா நாலு நிமிஷத்துல தட்டு வந்துடணுமா அவருக்கு?”

“நானும் அப்படித்தான் நெனச்சு, ரொம்பப் பசியா தாத்தான்னு கேட்டுட்டேன். ‘பசிக்கு இல்லம்மா. எங்க வீட்டுப் பொண்ணு நாள் முழுக்க நின்னு வேலை பாத்துட்டு வருது. இந்தக் காலும் அந்தக் காலுமா மாத்தி மாத்தி அடுப்பு முன்னாடி நிக்கறதைப் பாக்க முடியல. நேராச் சொன்னா, பரவால்ல மாமான்னு இன்னும் பத்து நிமிஷம் சேத்து நிக்கும். அதான் வாங்கிட்டு வர்றதையெல்லாம் குறை சொல்லிக்கிட்டிருக்கேன்’னார்.”

அவள் குடையை வாங்கிக்கொண்டாள். மற்றொரு கையில் போன் அதிர்ந்தது.

“கூப்பிட்டிருந்தியே, என்ன விஷயம்?” என்றாள் நாத்தனார்.

“ஒண்ணுமில்ல அண்ணி. நானும் மாமாவும் கடைக்கு வந்தோம். அதைச் சொல்லலாம்னுதான்.”