ரெண்டு இஞ்ச்

கைதட்டல் ஓயவே இல்லை. பள்ளிக்கூட ஆபீஸ் அறையில் கூடியிருந்த அத்தனை டீச்சர்களும் ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்துத் தட்டித் தள்ளிவிட்டார்கள். மனுஷனுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"இவர் மட்டும் அன்னைக்கு அந்த மலை ரோட்டுல வரலைன்னா, நம்ம வேன் டிரைவர் விடிய விடியப் பள்ளத்துலயே கெடந்திருப்பார்," என்றார் தலைமையாசிரியை. "நல்லவேளை, பிள்ளைங்களை எல்லாம் இறக்கி விட்டாச்சு. வேன் காலி."

மூலையில் இடது கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்த வேன் டிரைவரும், முடிந்தவரை, வலது கையால் தொடையில் தட்டினார். கடைக்காரருக்கு உடம்பு கூசியது. இந்த மரியாதைக்கெல்லாம் காரணம் தான் இல்லை, தன் ஜீப்தான் என்று அவருக்குத் தெரியாதா?

அந்தக் குட்டி ஜீப்புக்குப் போன மாதம் வரை கூட ஜீப் ஓட்டுகிற கூட்டாளிகள் வைத்திருந்த பேர் 'தவளை'. ஒரு தடவை ஆற்றங்கரையில் ஒரு கல்லின்மேல் வயிறு மாட்டி உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் கயிறு கட்டி இழுத்ததோடு விட்டார்களா? வீடியோ எடுத்து, அவருடைய மச்சினனுக்கே அனுப்பி மானத்தை வாங்கிவிட்டார்கள்.

அந்த ரோஷத்தில்தான் மெக்கானிக்கிடம் போனார். "நாலு ஸ்பிரிங்கையும் மாத்தணும் சார்," என்றார் மெக்கானிக்.

"அதுக்கெல்லாம் வசதி இல்லப்பா. சிக்கனமா ஏதாவது சொல்லு."

"ஸ்பிரிங் மேல ஒரு இரும்பு வளையம் வெச்சா ரெண்டு இஞ்ச் ஏறும்."

"அப்ப முன்னாடி ரெண்டுக்கு மட்டும் வை. பின்னாடி அப்புறம் பாத்துக்கலாம்."

சாயங்காலம் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "இருங்க சார், இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு," என்று மெக்கானிக் கத்தியது காதில் விழத்தான் செய்தது. "ஓடுதுல்ல? போதும்!" என்று கிளம்பிவிட்டார்.

பொழுது இருட்டுகிற நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு மலை ரோட்டில் ஏறி இறங்கினார், ஏறி இறங்கினார், அப்படி ஒரு குஷி. எதிரே வந்தவர்களெல்லாம் கையை நெற்றிக்குத் தூக்கினார்கள். அடேயப்பா, ரெண்டு இஞ்சுக்கே இவ்வளவு சலாமா என்று இவரும் பதிலுக்கு ஹாரன் அடித்தார். மூன்றாவது தடவை இறங்கும்போதுதான் வேன் பள்ளத்தில் கிடப்பதைப் பார்த்தார். ஜீப்பில் கயிறு கட்டி வேனை மேலே இழுத்து, டிரைவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

டீச்சர்கள் வகுப்புக்குக் கலைந்ததும், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பள்ளித் தாளாளர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு விஷயம் சார். எதிர்ல லாரி வந்துச்சு, கண்ணுல லைட் அடிச்சிடுச்சுன்னு இவர் சொல்றார். நீங்க அந்த ரோட்டுலதானே இருந்தீங்க? லாரி ஏதாவது பாத்தீங்களா?"

"லாரிதான் சார்," என்றார் டிரைவர் அவசரமாக. "ஒரு நிமிஷம் ஒண்ணுமே தெரியல. முப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல."

கடைக்காரர் டிரைவரைப் பார்த்தார். ஒரு 'ஆமாம்' போதும். ஆனால் இத்தனை கைதட்டலை வாங்கிக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"இல்ல சார்... லாரி எதுவும் வரல."

"அப்ப கண்ணுதான் போச்சு," என்றார் தாளாளர் டிரைவரைப் பார்த்து. "பிள்ளைங்க ஏறுற வண்டி. இனிமே சரிப்பட்டு வராது. சாவியை வெச்சிட்டுப் போங்க."

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒற்றைக் கையால் சாவியைத் துழாவி எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கடைக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உதவி செய்யப் போய், ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே!

பின்னாலேயே ஓடினார். "அண்ணே, மன்னிச்சிடுங்க. எனக்கே அசிங்கமா இருக்கு."

"நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க? பாத்ததைத்தானே சொன்னீங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் பேச்சுக் குடுத்துக்கிட்டே வந்தீங்களே, அதை மறக்க முடியுமா?" என்றவர், "வீட்ல அவகிட்டதான் என்ன சொல்றதுன்னு தெரியல," என்றார்.

"வாங்கண்ணே, நான் கொண்டுபோய் விடறேன்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வேன்கள் நிற்கிற தகரக் கொட்டகைக்குள் ஜீப் நின்றது. உள்ளே பகலிலும் இருட்டு. கடைக்காரர் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, விளக்கைப் போட்டார். அந்தப் பக்கம் ஏறுவதற்காக முன்னால் சுற்றி வந்துகொண்டிருந்த டிரைவர், சட்டென்று நின்று, நல்ல கையை நெற்றிக்குத் தூக்கினார்.

என்ன இது, இவருமா சலாம் வைக்கிறார் என்று கடைக்காரருக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

டிரைவர் கையை இறக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலிடுக்கு வழியாக விளக்கையே பார்த்தார். பிறகு குனிந்து, முன்சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தார். பின்சக்கரத்தையும் போய்ப் பார்த்தார். வந்து ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே பாத்தீங்க?" என்றார் கடைக்காரர்.

டிரைவர் அவர் பக்கம் திரும்பவில்லை. மாவுக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வண்டியை ஏத்தினா, லைட்டை இறக்கணும் தம்பி."