முதல் விருப்பம்

“நீ முதல்ல அப்ளிகேஷன் போடுடி, நான் அப்புறமாப் போட்டுக்கறேன்” என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தாள் மூத்தவள். பதினேழு வருடத்தில் அவள் தங்கைக்கு விட்டுக்கொடுத்த முதல் பொருள் அந்தப் பிரவுசிங் சென்டர் நாற்காலிதான்.

இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பதினொரு நிமிடம் முன்னால் பிறந்ததற்காகத் தன்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது மூத்தவளின் கட்சி. பதினொரு நிமிடத்துக்கெல்லாம் மரியாதை கிடையாது என்பது இளையவளின் கட்சி. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். ஆனால் ஒருத்தி முகத்தில் விழித்தால் இன்னொருத்திக்கு அன்றைய பொழுதே கெட்டுவிடும்.

பன்னிரண்டாம் வகுப்பில் வந்து தொலைந்த மார்க்கும் ஒன்றே. அதுதான் வினையாகப் போயிற்று. ஊரிலேயே பெரிய பெயர் வாங்கிய மணிக்கூண்டு காலேஜுக்கு அந்த மார்க் விளிம்பில் நின்றது. ஒரு சீட் தேறினாலே பெரிது. மார்க்கும் பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டரே குலுக்கிப் போட்டு ஒருவரை எடுத்துக்கொள்ளும் என்று சென்டர்காரர் போன வாரமே விளக்கியிருந்தார்.

அன்றிலிருந்து மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. சீட் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அது இவளுக்குப் போய், நாலு வருடம் இவள் அலட்டலை ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்தாள்.

நாற்காலியை விட்டுக்கொடுத்தது அதற்குத்தான். எதற்கும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிற இளையவளும் அன்று மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தாள். அவள் டைப் செய்யச் செய்ய, மூத்தவள் பின்னால் நின்று அவளுடைய விண்ணப்ப எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு இடம் மாறியபோது இளையவளும் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

பாஸ்வேர்டைத் திருட வேண்டிய அவசியம்கூட இல்லை. எல்லோருக்கும் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு. இரட்டைப் பிறவிகளுக்கு அது பொதுச் சொத்து. வீட்டுக்குப் போனதும் அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி சென்டர்காரர் இருவரிடமும் சொல்லி அனுப்பினார். மூத்தவள் எண்களை உதட்டுக்குள் முணுமுணுத்தபடியே நடந்ததால் அது காதில் ஏறவில்லை.

காலேஜ் பட்டியலை மாலை ஐந்து மணி வரை திருத்தலாம். நாலே முக்காலுக்கு மூத்தவள் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டாள். ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாத இளையவள், தானே போய்த் துணி எடுத்து வருகிறேன் என்று மொட்டைமாடிக்கு ஏறியிருந்தாள். நல்ல நேரம் என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள்.

தங்கையின் பட்டியலில் முதல் விருப்பம் மணிக்கூண்டு. அதைக் கடைசிக்குத் தள்ளினாள். சென்டர்காரர் பத்து பெயராவது வேண்டும் என்றதால் இருவருமே பேருக்குச் சேர்த்திருந்த பொட்டல் காலேஜைத் தூக்கி முதலில் வைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் வரும் காலேஜ் அது. கேட்டவர்களுக்கெல்லாம் சீட் கொடுக்கும். கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுக்கும். கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும், முதலில் கிடைத்ததோடு கதை முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் அப்பாவின் போன் ‘டிங்’ என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு ‘டிங்’. பட்டியல் திருத்தப்பட்டால் அப்பாவின் நம்பருக்குத் தகவல் போகும் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் போனில் வசவு வாங்குகிறவர். “விளம்பரம் அனுப்பியே உயிரை எடுக்கறானுங்க” என்று படிக்காமலே அழித்துவிட்டார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. பல் துலக்கும்போதே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். போகிற இடத்தில் சிக்னல் கிடைக்குமா என்று விசாரித்து வைக்கச் சொன்னாள் மூத்தவள். அழுது வீங்கின முகத்தோடு தன் முன்னால் வந்து நிற்காதே என்றாள் இளையவள். அம்மா தடுக்கவில்லை, தடுத்துத் தடுத்து ஓய்ந்துபோயிருந்தாள்.

அப்பா முதலில் இளையவளுடையதைத் திறந்தார். பொட்டல் காலேஜ். இளையவளின் முகம் வெளிறிப்போனதை மூத்தவள் ஆற அமர ரசித்தாள். துளிகூடப் பாவம் தோன்றவில்லை, வயிறு குளிர்ந்துபோயிற்று.

பிறகு மூத்தவளுடையதைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதுவும் பொட்டல் காலேஜ். முதல் விருப்பத்திலேயே இடம் கிடைத்ததற்கு வாழ்த்து வேறு போட்டிருந்தது.

குளியலறையில் அவசரத்தில் எண் தப்பி, தன்னுடையதையும் தானே கெடுத்துக்கொண்டோமோ என்று மூத்தவள் மனதுக்குள் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அம்மா ஹாஸ்டலுக்குப் போன் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் மட்டும் நிம்மதி இருந்தது. “வார்டன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டேன். நாலு வருஷமும் ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்” என்றாள்.

அப்பாவும் அம்மாவும் அந்தப் பக்கம் நகர்ந்ததும், இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூத்தவளின் காதருகே குனிந்தாள்.

“அடிப்பாவி, நீயுமா மாத்தின?”