பிடி

"கைதி என் பிஸ்டலைப் பிடுங்கி எங்களைச் சுட்டான் மேடம். காலி தோட்டா வெளியே விழாம சிக்கிக்கிச்சு. அடுத்த குண்டு வரல. அதுக்குள்ள நாங்க சுட்டுட்டோம், செத்துட்டான். பிஸ்டல்ல கோளாறுன்னு எழுதிக் கொடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் தனபாண்டியன்.

ஆயுதங்களைச் சோதிப்பது என் வேலை. அதே பிஸ்டலால் மணல்மூட்டையைச் சுட்டேன். காலி தோட்டாக்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. பிறகு மணிக்கட்டைத் துவளவிட்டுச் சுட்டேன். காலி தோட்டா வெளியேறும் துளையிலேயே சிக்கி நட்டுக்குத்தலாக நின்றது.

"கோளாறு பிஸ்டல்ல இல்ல, பிடியில."

"பயந்திருப்பான் மேடம்."

"பயந்தவன் உடும்புப்பிடியா பிடிப்பான்."

பிஸ்டலை அவர் பக்கம் தள்ளினேன்.

"அவன் விரல்மேல உங்க விரலை வச்சு விசையை அழுத்தினப்போ, ஜில்லுன்னு இருந்துச்சா சார்?"